உட்பக்கத்தில் ஒரு பெயர்

பில்பாவோவில் மழை விழுவதில்லை,
தொங்கும்.
குடை விரித்தால் வெட்கமாக இருக்கும்,
விரிக்காவிட்டால் நனைந்துபோவோம்.
அப்படிப்பட்ட வியாழன்களில்தான்
கோல்தோவின் மதுக்கடை நிறையும்.
மேசைக்கு மேசை போவேன்,
தட்டுக்கும் கோப்பைக்கும் நடுவே
ஒரு சாண் இடம் கேட்டு.

மேடை கிடையாது. திரை கிடையாது.
நெத்திலி எண்ணெய் மணக்கும் அவர்கள் விரல்கள்
என் விரல்களுக்கு ஓரடி தூரத்தில்.
இவ்வளவு அருகில் ஏமாற்றுவதற்குக்
கொஞ்சம் பாசம் வேண்டும்.

நான்காம் மேசையில் யோசு, பக்கத்தில் கராசி.
இருவருக்கும் அறுபது தாண்டியிருக்கும்.
"மோதிரம் தருவீர்களா?"
அவர் திருகிப் பார்த்தார்,
விரல்முட்டி விடவில்லை.
கராசி தன் தட்டிலிருந்த எண்ணெயைத் தொட்டு
அவர் விரலில் தடவினாள்.
வழுக்கி வந்தது.
வெள்ளையாய் ஒரு வளையம்
விரலிலேயே தங்கிவிட்டது.

சொல்லக் கூடாததைச் சொல்கிறேன்:
மோதிரம் கைக்கு வந்த கணமே
கட்டைவிரல் நகத்தால் உட்புறம் தடவுவேன்.
ஏதாவது வெட்டியிருக்கும், தேதியோ பெயரோ.
விளக்கில் ஒருமுறை சாய்த்தால் போதும்.
மோதிரம் மறைந்தபின்
அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்,
வழிதவறிய கன்றைக் கூப்பிடுகிற மாதிரி.
போனதற்கு வாய் பிளப்பார்கள்.
வந்ததற்குக் கைதட்டுவார்கள்.
பெயருக்குத்தான் கண் கலங்குவார்கள்.

சாய்த்தேன்.
மயாலென் என்றிருந்தது.

கராசி என்னைப் பார்த்துச்
சிரித்துக்கொண்டிருந்தாள்.

கை தன் வேலையை அறியும்.
இடக்கைக்குப் போவதுபோல் போய்
வலக்கையிலேயே தங்கியது மோதிரம்.
முழங்கை மடிப்பில் கட்டிய ரப்பர் நூல்
சட்டென உள்ளே இழுத்துக்கொள்ள
தோல்மேல் ஒரு பல்லி ஓடிய குளிர்ச்சி.
ஊதினேன்.
விரித்தேன்.
வெறுங்கை.

இப்போது நான் கூப்பிடவேண்டும்.
பன்னிரண்டு வருஷமாக இதே இடத்தில் கூப்பிடுகிறேன்,
வாய் தானாகத் திறந்துவிட்டது.
யோசு தன் வெள்ளை வளையத்தைத்
தேய்த்துக்கொண்டிருந்தார்.
ஒரு வீட்டைக் கலைக்க எவ்வளவு நேரமாகும்?
நாக்கின் அடியில் கிடந்தது பெயர்,
சட்டைக்கைக்குள் மோதிரத்தை ஒளிப்பதைவிடக்
கடினமாக.

"உங்கள் மோதிரத்துக்கு ஆலிவ் பிடிக்குமா?" என்றேன்.
மட்டமான வாக்கியம்.

கோல்தோவின் இடுப்புச் சாவிக்கொத்தில்,
புட்டித் திறப்பானுக்கும் கிடங்குச் சாவிக்கும் நடுவே,
தொங்கிக்கொண்டிருந்தது அது.
(எப்படி என்று கேட்காதீர்கள்,
ஏற்கெனவே நிறையச் சொல்லிவிட்டேன்.)
பக்கத்து மேசைக்காரர்
கெட்ட வார்த்தை சொல்லிப் பாராட்டினார்.

யோசு வாங்கிக்கொள்வதற்குள்
கராசி பிடுங்கி, ஒற்றைக் கண்ணை மூடி
உள்ளே எட்டிப் பார்த்தாள்.
"இவள் இருக்கிறாள்."
"யார்?" என் குரல் எனக்கே புதிதாயிருந்தது.
"யாருக்குத் தெரியும்?
ஞாயிற்றுச் சந்தையில்
பழைய கடிகாரங்களோடு ஒரு தட்டில் கிடந்தது.
முப்பது யூரோ.
பெயரை அழித்துத் தர இன்னும் எட்டு என்றான் கடைக்காரன்.
அந்த எட்டுக்கு அன்றைக்கு
வறுத்த கணவாய் சாப்பிட்டோம்."
"கல் மாதிரி இருந்தது கணவாய்," என்றார் யோசு.
"உனக்கு அன்றைக்கே பல் சரியில்லை," என்றாள் அவள்.

கடை சாத்தியாயிற்று.
கோல்தோ நாற்காலிகளை மேசைமேல் கவிழ்க்கிறான்.
சட்டைக்கையைச் சுருட்டி நூலை அவிழ்க்கிறேன்.
மயாலென் பெயரைப் போட்டுக்கொண்டு
திரிந்த ஒரு கை
எங்கோ ஒருநாள் மூடி, விரிந்திருக்கிறது.
அந்தக் கைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள்
இன்னும் உட்கார்ந்திருக்கிறாளோ என்னவோ.
போய்ச் சொல்லலாம் என்றால்
எந்த மேசை என்று தெரியாது.

"இன்றைக்கு ஏன் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை?"
கோல்தோ. துடைக்கிற துணியைக்கூட நிறுத்தாமல்.
இத்தனை வருஷம் இவன் என் கையைத்தான்
பார்க்கிறான் என்றிருந்தேன்.

கதவைத் திறந்து,
மழை நின்றுவிட்டதா என்று
கையை வெளியே நீட்டுகிறேன்.
எதுவும் விழக் காணோம்.
கை நனைந்துகொண்டிருக்கிறது.